பெரியப்பா வீட்டுத் திவசத்துக்குப் போகலாமா?

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 51. அலுவலக வேலை. கணவர் கட்டாரில். அம்மா வழியில் பல தலைமுறையாக மெதடிஸ்த சபை. அப்பா சைவக் குடும்பத்தில் பிறந்து, கலியாணத்தோடு ஞானஸ்நானம் எடுத்தவர். ஆனாலும் அண்ணன் தம்பி உறவு விட்டுப்போகவில்லை. தைப்பொங்கல் என்றால் பெரியப்பா வீட்டில், நத்தார் என்றால் இவர்கள் வீட்டில். பதினொரு மாதத்துக்கு முன் அப்பா மாரடைப்பில் காலமானார். சபை முறைப்படி அடக்கம் நடந்தது. 31ஆம் நாள் மாலை வீட்டில் நினைவு ஆராதனை. அன்று காலையில் பெரியப்பா தன் பாட்டில் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் தம்பிக்கு அந்தியேட்டி, அதாவது சைவ முறைப்படி 31ஆம் நாள் கிரியை, செய்திருக்கிறார். இவரும் கூடப் போனார். “நான் ஒன்றும் செய்யவில்லை. பெரியப்பா குளித்துவிட்டு வந்தபோது துவாயைக் கொடுத்தேன். அவர் அழுதுகொண்டு நின்றார்” என்று எழுதுகிறார்.

உயர்தரம் படிக்கும் 17 வயது மகள் ஒரு வருடமாகச் சிநேகிதியோடு ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போகிறாள். கன்னியா விஷயத்தை அங்கே சொல்லியிருக்கிறாள். “முன்னோர் சாபம் வீட்டுக்குள் வந்துவிட்டது, உன் அப்பாவுக்குச் சம்பளம் பிந்துவதும் அதனால்தான்” என்று அங்கே சொன்னார்களாம். சாபம் முறிக்கும் உபவாச ஜெபத்துக்குக் காணிக்கை கேட்டார்கள். அம்மாவின் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குச் சேர்த்து வைத்த காசில் பாதியைச் சகோதரி கொடுத்துவிட்டார். சத்திரசிகிச்சை பிந்திப்போயிற்று. மகள் இப்போது பெரியப்பா வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தாலிக்கொடியைக் கழற்றச் சொல்கிறாள். அம்மம்மா சூட்கேசில் ஒளித்து வைத்திருந்த பேரப்பிள்ளைகளின் சாதகக் குறிப்புகளைக் கிழித்துப் போட்டாள். அன்றிலிருந்து அம்மம்மா அவளோடு கதைப்பதில்லை.

அடுத்த மாதம் அப்பாவின் ஆட்டைத் திவசம், அதாவது முதலாம் ஆண்டுத் திவசம். பெரியப்பா வரச் சொல்லியிருக்கிறார். போகலாமா, எங்கள் மேல் உண்மையிலேயே சாபம் இருக்கிறதா, பரம்பரை வழக்கங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்கிறார். கடைசியில் ஒரு குறிப்பு: மகனுக்குச் சம்பந்தம் பேசி வருகிறார்கள். “பாலையூற்றில் வீடும் கொஞ்சம் காசும் தருகிறார்கள். அது வழக்கம்தானே, அதில் பிரச்சினை இல்லை.”

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் பெரியப்பா, மகள், அம்மா, மகன். நான் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். தகப்பன் போய் ஒரு வருடம் ஆகவில்லை. துக்கத்துக்கு மேலே பயத்தையும் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். படபடப்பு என்றபடியால் முதலில் ஒரு வைத்தியரிடம் இரத்த அழுத்தத்தையும் இருதயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலே ஒன்றும் இல்லையென்றால் மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவில் ஒரு முறை கதையுங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சாபம் பற்றி

உங்களிடம் காட்டப்பட்ட வசனம் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் இருப்பது: பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் விசாரிக்கப்படும் என்பது. அந்த வசனம் “என்னைப் பகைக்கிறவர்களை” என்று சொல்லித்தான் பேசுகிறது. அடுத்த வசனம் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்கிறது. நாலையும் ஆயிரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பயம் பாதி குறையும். அப்புறம் எசேக்கியேல் 18ஐ முழுதாக வாசியுங்கள். தகப்பன் புளிப்புத் திராட்சை தின்ன, பிள்ளையின் பல் கூசியது என்று இஸ்ரவேலர் ஒரு பழமொழி வைத்திருந்தார்கள். இனி அந்தப் பழமொழியைச் சொல்லவே வேண்டாம் என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறது.

யோவான் 9இல் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: இவன் குருடனாகப் பிறந்தது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா? இரண்டுமில்லை என்கிறார் இயேசு. கட்டாரில் சம்பளம் பிந்துகிறதென்றால் அந்தக் கொம்பனியைத்தான் விசாரிக்க வேண்டும். கன்னியாவில் நீங்கள் துவாய் கொடுத்தது அதற்குக் காரணமாக முடியாது.

அந்தத் துவாய் உங்கள் மனதை உறுத்துகிறது என்று தெரிகிறது. அதற்கு 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குணமடைந்தபின் இஸ்ரவேலின் தேவனை மட்டுமே வணங்குவதாகச் சொல்கிறான். கூடவே ஒரு சங்கடத்தையும் சொல்கிறான். அவனுடைய ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது இவன் கைமேல் சாய்ந்துகொள்வான், அப்போது இவனும் குனிய வேண்டிவரும். அதற்கு மன்னிப்பு உண்டா என்று கேட்கிறான். எலிசா தீர்க்கதரிசி அவனுக்கு ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டார். ஒருவர் சாய்ந்துகொள்ளக் கை கொடுத்ததற்கும் அவருடைய தெய்வத்தை வணங்கியதற்கும் உள்ள வித்தியாசம் எலிசாவுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் அன்று செய்ததும் கை கொடுத்ததுதான்.

“மனுஷருடைய பாரம்பரியம்”

மகள் அடிக்கடி சொல்வதாக எழுதியிருக்கும் வசனம் மாற்கு 7இல் வருவது. மனுஷருடைய பாரம்பரியத்துக்காகத் தேவனுடைய கட்டளையைத் தள்ளிவிடுகிறீர்கள் என்பது. நல்ல வசனம். ஆனால் அந்தப் பகுதியை அதற்கு அடுத்த வரிகளோடு சேர்த்து வாசித்தீர்களா? இயேசு அங்கே காட்டும் உதாரணம் கொர்பான். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை “இது தேவனுக்குக் காணிக்கை” என்று நேர்ந்துவிட்டால் பெற்றவர்களைப் பார்க்க வேண்டியதில்லை என்று அன்றைய மதத் தலைவர்கள் அனுமதித்தார்கள். அதைத்தான் அவர் கண்டிக்கிறார்.

இதை எழுத எனக்கும் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. அம்மாவின் கண்ணுக்கு வைத்த காசு காணிக்கையாகப் போயிருக்கிறது. பாரம்பரியத்தை உடைக்கிறோம் என்று சொன்னவர்களே அந்த அதிகாரம் கண்டித்த காரியத்தை உங்கள் வீட்டில் செய்வித்திருக்கிறார்கள். நீங்கள் பயத்தில் கொடுத்தீர்கள், அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ரசீது இல்லாமல் மனமொத்துக் கொடுத்த காசு திரும்பி வருமென்று நம்ப வேண்டாம். ஒரு தடவை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், “அம்மாவின் சத்திரசிகிச்சைக்கு வேண்டும்” என்று காரணத்தையும் சொல்லுங்கள். என்ன பதில் வருகிறது என்பதிலேயே அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும். இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் இந்தக் கிழமையே திகதி கேளுங்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். வேதம் என்றாலே பரம்பரை வழக்கத்துக்கு எதிரி என்று நீங்களும் மகளும் ஒரேமாதிரி நினைக்கிறீர்கள். அவள் சந்தோஷமாக நினைக்கிறாள், நீங்கள் கவலையாக. எரேமியா 35ஐப் பாருங்கள். ரேகாபியர் என்ற குடும்பத்தார் தங்கள் முன்னோர் யோனதாப் சொன்னபடி திராட்சரசம் குடிப்பதில்லை, வீடு கட்டுவதில்லை, விதைப்பதில்லை, கூடாரத்தில்தான் குடியிருப்பார்கள். இதிலே எதுவும் மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எல்லாருக்கும் இட்ட கட்டளை இல்லை. எரேமியாவே முன்னால் ரசத்தை வைத்துக் குடிக்கச் சொல்லியும் மறுத்துவிட்டார்கள். கர்த்தர் அவர்களை மெச்சுகிறார். இயேசுவும் பிரதிஷ்டைப் பண்டிகைக் காலத்தில் தேவாலயத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று யோவான் 10 சொல்கிறது. அந்தப் பண்டிகை மோசே கொடுத்தது அல்ல, பல நூற்றாண்டு பிந்தி மக்கபேயர் காலத்தில் வந்தது.

ஆகவே ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டால் ஓர் இடத்துக்கும் போய்ச் சேர மாட்டீர்கள். கலியாண மோதிரம் ரோமர் வழக்கத்திலிருந்து வந்தது. வெள்ளைக் கவுன் 1840இல் விக்டோரியா மகாராணியின் கலியாணத்துக்குப் பிறகு பிரபலமானது. டிசம்பர் 25 என்ற திகதி வேதாகமத்தில் இல்லை. தாலி மட்டும் எப்படித் தனியாக அகப்பட்டது? உங்கள் கொடியில் வேதப்புத்தக வடிவில் தாலி கோத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் சபைக்கு முன்னால் கட்டிய அடையாளம் அது. அது கழுத்தில் இருப்பதால்தான் கணவரின் உயிர் தப்புகிறது என்று நம்பினால் பேசுவோம். அப்படி நம்பவில்லை என்றால் கழற்ற வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியைத்தான் எல்லா வழக்கத்திடமும் கேட்கச் சொல்வேன்: இதில் நான் எதை நம்பி நிற்கிறேன், இதனால் யார் சுமை சுமக்கிறார்கள்? எசேக்கியா ராஜா உடைத்த வெண்கலச் சர்ப்பம் மோசே செய்ததுதான், தேவன் சொல்லிச் செய்தது. ஆனால் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கினார்கள், உடைத்துவிட்டான். நல்ல இடத்திலிருந்து வந்தது என்பது அதைக் காப்பாற்றவில்லை. அந்தக் கணக்கில், ஜெபம் பண்ணிய எண்ணெய்ப் போத்தலை வாசல் நிலையில் வைத்தால் கெட்டது வராது என்று நம்புவதையும் சோதிக்க வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒன்று இப்போது இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

குறிப்பு விஷயத்தில் மகள் சொல்வது சரி. நாள் பார்ப்பது, குறி கேட்பது பற்றி உபாகமம் 18 தெளிவாகவே பேசுகிறது. ஒரு பெண்ணின் கலியாணத்தைச் செவ்வாய் எந்த வீட்டில் நிற்கிறது என்று பார்த்துத் தீர்மானிப்பதை வேதத்தோடு பொருத்த எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் அம்மம்மாவின் சூட்கேசைத் திறந்து கிழித்தது வேறு காரியம். அவள் அம்மம்மாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். குறிப்புகள் திரும்பி வரத் தேவையில்லை.

ஆட்டைத் திவசம்: என்ன செய்யலாம்

போகாமல் விடுவது ஒரு வழி. மனச்சாட்சிக்குச் சுலபம். ஆனால் பெரியப்பா அதை விசுவாசமாக எடுத்துக்கொள்ள மாட்டார், தம்பியோடு உறவும் செத்துப்போயிற்று என்றுதான் எடுத்துக்கொள்வார். போய் எல்லாவற்றிலும் கலந்துகொள்வது இன்னொரு வழி. சந்தேகத்தோடு செய்வது பாவம் என்று ரோமர் 14 சொல்கிறது. உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது, ஆகவே இதையும் நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, போய், கூட இருந்து, கிரியையில் சேராமல் வருவது. கேட்கும்போது பெரிய காரியமாகத் தெரியும், நடைமுறையில் அப்படி இல்லை. கிரியை செய்யப்போவது பெரியப்பாவோ அவருடைய மகனோதான். பவித்திரம் போட்டு எள்ளும் தண்ணீரும் இறைக்க உங்களை யாரும் கூப்பிடப்போவதில்லை. உங்களுக்குச் சங்கடம் வரக்கூடிய இடங்கள் மூன்றுதான். படத்துக்குப் பூப் போடச் சொல்வார்கள். ஐயர் திருநீற்றுத் தட்டை நீட்டுவார். படைத்த சாப்பாட்டைப் பரிமாறுவார்கள்.

பூ வைப்பது அப்பா மேல் உள்ள அன்பு. அடக்கம் செய்த இடத்தில் வைத்ததும் அதே பூதான், வைக்கலாம். தட்டு வரும்போது கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கினால் ஐயருக்கு விளங்கும், திருகோணமலை ஐயர்மாருக்கு இது புதிதில்லை. சாப்பாடு பற்றி 1 கொரிந்தியர் 10இல் பவுல் கொடுக்கும் ஆலோசனை இந்த வீட்டுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்து உங்களுக்குப் போக மனமிருந்தால், வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் குறிப்பிட்டுச் சொன்னால் அவருக்காக விட்டுவிடுங்கள் என்கிறார். அதே அதிகாரத்தில், கர்த்தருடைய பந்தியிலும் பேய்களுடைய பந்தியிலும் பங்குபெற முடியாது என்றும் சொல்கிறார். வழிபாட்டில் பங்கெடுப்பது வேறு, ஒரு வீட்டில் சாப்பிடுவது வேறு என்று அவர் பிரிப்பதைக் கவனியுங்கள்.

பெரியம்மாவிடம் முதல்நாளே தனியாகக் கதையுங்கள். “படைக்க முன்னம் எங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கோ பெரியம்மா” என்றால் போதும். கலப்புக் குடும்பங்கள் உள்ள எத்தனையோ வீடுகளில் இது கேட்காமலே நடக்கிறது. நேரத்துக்கே போய் மரக்கறி வெட்டிக் கொடுங்கள். பெரியப்பாவுக்குத் தேவை அதுதான். பிறகு அதே கிழமையில் உங்கள் வீட்டில் நினைவு ஜெபம் வைத்து அவரை அழையுங்கள், அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். இவ்வளவும் சொன்னபிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் போக வேண்டாம். ஆனால் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

பெரியப்பா கோபத்தில், “கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினவங்களின்ர சமயம்” என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு வசனத்தால் பதில் சொல்ல வேண்டாம். போர்த்துக்கேயர் 1620களில் அந்தக் கோயிலை இடித்தது நடந்ததுதான். இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் மேயும் இடத்தைக் கடந்துதான் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அது நினைவுக்கு வராமல் இருக்குமா? “அது பிழைதான் பெரியப்பா” என்று சொல்லுங்கள்.

நீங்கள் பிரச்சினை இல்லை என்று விட்டது

நான்கு பக்கக் கடிதத்தில் தாலி, பொட்டு, திவசம், குறிப்பு எல்லாம் வேதத்தின் முன் நிறுத்தப்பட்டன. சீதனம் மட்டும் ஒரு வரியில் தப்பிவிட்டது. மகளும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதாக இல்லை, ஜெபக் கூட்டத்திலும் யாரும் கேட்டதாக இல்லை. எனக்கு வருகிற கடிதங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வித்தியாசமாகத் தெரிகிற வழக்கம் சோதிக்கப்படுகிறது, லாபம் தருகிற வழக்கம் சோதிக்கப்படுவதில்லை.

பெற்றவர்கள் மகளுக்குச் சொத்துக் கொடுப்பதில் பிழையில்லை. எண்ணாகமம் 27இல் செலோப்பியாத்தின் மகள்மார் தங்கள் பங்கைக் கேட்டபோது, அவர்கள் கேட்பது நியாயம் என்றுதான் மோசேக்குப் பதில் வந்தது. பாலையூற்று வீடு பெண்ணின் பெயரிலேயே உறுதி எழுதப்பட்டு அவளுடையதாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் “கொஞ்சம் காசு” யாருக்கு? மாப்பிள்ளை வீட்டுக்கு என்றால், அதை எங்கே கடன் வாங்கித் தருகிறார்கள் என்று விசாரித்தீர்களா? அவர்களுக்கு இன்னும் ஒரு குமர் இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருடம் அவளுடைய தகப்பன் லாபானின் ஆட்டை மேய்த்தார், முடிவில் பதினாலாயிற்று. லாபானிடம் காசு கேட்டதாக இல்லை.

இந்தியாவில் 1961இலேயே சீதனத் தடைச் சட்டம் வந்தது. இங்கே இலங்கையில் அப்படி ஒரு தடை இல்லை, ஆகவே சட்டம் உங்களை ஒன்றும் கேட்காது. வேண்டாம் என்று சொல்ல உங்கள் மகனுக்கு ஒரு வாய் இருக்கிறது. அவனுடைய எண்ணத்தைக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

மகளோடு

அவளுடைய ஆர்வத்தை அடக்க வேண்டாம். 17 வயதில் வேதத்தைத் திறந்து வீட்டை அதன் முன் நிறுத்துகிற பிள்ளையிடம் ஒரு நேர்மை இருக்கிறது. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஆள் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது. அவளுக்கும் உண்டு, பெரியப்பாவுக்கும் உண்டு. எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும், யாருக்குக் காசு கொடுக்கலாம் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். அவள் எதை நம்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்க முடியாது.

சேர்ந்து வாசியுங்கள். தனி வசனமாக வேண்டாம், முழு அதிகாரமாக. மாற்கு 7, எசேக்கியேல் 18, ரோமர் 14 போதும். அவளே வாசிக்கட்டும், நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு தினமும் ஒத்துப்பார்த்தார்கள், அதற்காக அவர்களை அப்போஸ்தலர் 17 புகழ்கிறது. பவுலையே சோதித்துப் பார்க்கலாம் என்றால் ஜெபக் கூட்டத் தலைவரையும் பார்க்கலாம். அவரிடம் அவள் கேட்கட்டும்: சாபம் முறிக்கக் காசு எதற்கு, கணக்கு எங்கே, வீட்டாரோடு சாப்பிடாதே என்று எந்த அதிகாரம் சொல்கிறது? கேள்வி கேட்டதற்கே கோபிக்கிறார், இதை வீட்டில் சொல்லாதே என்கிறார், விட்டுப்போனால் கேடு வரும் என்று பயமுறுத்துகிறார் என்றால், உங்கள் சபைப் போதகரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கதையுங்கள். மகளைத் தனியே அனுப்ப வேண்டாம். பரீட்சை நெருங்குகிற நேரம், இராப் பகலாக உபவாசம் இருக்கவும் விட வேண்டாம்.

பொட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேதத்தில் அதற்கு ஆதரவாகவும் இல்லை, எதிராகவும் இல்லை. இவ்வளவு காலமும் வைத்துக்கொண்டுதான் அலுவலகம் போனீர்கள் என்றால், நாளைக்கும் வைத்துக்கொண்டு போங்கள்.